கிண்ணம் காலியானால் சாப்பிட்டதாக அர்த்தமில்லை

அத்தியாயம் 6: ஹாம்ஸ்டரின் சாப்பாடும் ஓட்டமும் மாறும்போது

எங்கள் வீட்டு சுண்டு ஒரு சிரியன் ஹாம்ஸ்டர். பெண். ஒன்றேகால் வயதில் தினமும் கிண்ணத்தைத் துடைத்து வைத்ததுபோல் காலி செய்துகொண்டிருந்தது. நல்ல பசி போலிருக்கிறது என்று நானும் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது வாரம் கூண்டைச் சுத்தம் செய்யக் காகிதத் துகளைக் கிளறினால், மூலையில் ஒரு கைப்பிடிக்கு மேல் தீனி. சூரியகாந்தி விதை, கம்பு, பெல்லட் எல்லாம் உடைபடாமல், ஈரம் கோத்து, புளித்த வாடையோடு. சுண்டுவைத் தூக்கித் தராசில் வைத்தேன். 118 கிராம். தீபாவளி சமயத்தில் 142 இருந்தது. கீழ்ப்பல் ஒன்று வளைந்து வளர்ந்து மேல் ஈறில் முட்டிக்கொண்டிருந்தது. தீனியைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போக முடிந்திருக்கிறது, கடிக்க முடியவில்லை. வெள்ளரித் துண்டைச் சுரண்டியே நாளை ஓட்டியிருக்கிறது.

மூன்று வாரமும் நான் கிண்ணத்தைத்தான் பார்த்தேன், தராசைப் பார்க்கவில்லை. அந்தத் தவறு உங்களுக்கு நேராமலிருக்கத்தான் இந்த அத்தியாயம்.

ஒரே ஒரு பத்தி பின்னணி. 1930ல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலில் வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்தார்கள். இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். வயல்வளைப் பழக்கங்கள் இரண்டு அவற்றிடம் இன்னும் இருக்கின்றன: கிடைத்ததைப் பதுக்கும், உடம்பு முடியாததையும் பதுக்கும். நோய் வெளியே தெரியும்போது அது பாதி முற்றியிருக்கும்.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

"ஹாம்ஸ்டர் எவ்வளவு சாப்பிட வேண்டும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்களுடையது போன வாரம் எவ்வளவு சாப்பிட்டது?" என்றுதான். அடுத்த வீட்டு ஹாம்ஸ்டரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அதனதன் பழக்கம்தான் அதற்கு அளவுகோல். ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். இரவு 9 மணி வசதி. பகலில் எழுப்பி எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.
2. தீனியை எடை போட்டு வையுங்கள். வளர்ந்த சிரியனுக்கு நாளுக்கு 10 முதல் 12 கிராம், குள்ள வகைகளுக்கு அதில் ஏறத்தாழப் பாதி. மறுநாள் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் எழுதுங்கள்.
3. பதுக்கல் மூலையை வாரம் ஒருமுறை மெதுவாகத் திறந்து பாருங்கள். உடைத்த தோல் கிடக்கிறதா, முழு விதை மட்டும் சேர்கிறதா? பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அழுகியதை மட்டும் எடுக்கலாம். மொத்தத்தையும் அள்ளினால் அது பதறிப்போய் இன்னும் வேகமாகப் பதுக்கும், உங்கள் கணக்கும் குழம்பும்.
4. தண்ணீர் பாட்டிலில் ஒரு துண்டு டேப் ஒட்டி மட்டத்தைக் குறியுங்கள். 100 கிராம் எடைக்கு நாளுக்குச் சுமார் 10 மி.லி. வெள்ளரி, கீரை கொடுத்த நாளில் குறையும்.
5. வீலில் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று குறியுங்கள். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைவிட இதுதான் முக்கியம்.
6. புழுக்கையைப் பாருங்கள். கரும்பழுப்பு, அரிசி போல, காய்ந்து உதிர்ந்தால் நல்லது.
7. அறை வெப்பத்தை எழுதுங்கள்.
8. ஞாயிறுதோறும் எடை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வித்தியாசம் காட்ட வேண்டும். வெறும் டப்பாவை வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்கி, பிறகு ஹாம்ஸ்டரை உள்ளே விடுங்கள். கன்னப்பை நிறைந்திருக்கும்போது எடை போடாதீர்கள், சில கிராம் கூடுதலாகக் காட்டும்.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: "செவ்வாய். 9.10 வெளியே. வீல் 9.25. தீனி 11, மிச்சம் 2. தண்ணீர் 12. புழுக்கை சரி. 29 டிகிரி." எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

வீல் ஏறும் நேரத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், ஹாம்ஸ்டர் அந்த விஷயத்தில் கடிகாரம் மாதிரி. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தது ஹாம்ஸ்டர் வீலைத்தான். ஒரு நாளைக் கிட்டத்தட்ட 20 மணி நேரத்திலேயே முடித்துக்கொள்ளும் மரபு மாற்றத்தை 1988ல் கண்டுபிடித்ததும் வீல் கணக்கைப் பார்த்துத்தான். விளக்கு அணையும் நேரம் மாறாமலிருந்தால் உங்கள் வீட்டிலும் அது தினமும் சில நிமிட வித்தியாசத்தில் ஏறும். சொல்லாமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் கவனியுங்கள்.

*குறிப்பு:* வாங்கி வந்த முதல் ஒரு வாரம் கணக்கு எடுக்க வேண்டாம். புது இடத்தில் சாப்பாடும் ஓட்டமும் தாறுமாறாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாரத்தில் புழுக்கையை மட்டும் தினமும் பாருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மாற்றம் தெரிந்த இரவில் பார்க்கும் வரிசை

கைக்கு எட்டியதை முதலில் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே வரிசை முக்கியம், அவசரமானதும் எளிதானதும் முன்னால் இருக்கின்றன.

1. மூச்சு. கூண்டுக்கு வெளியிலிருந்தே பாருங்கள். க்ளிக், விசில் மாதிரிச் சத்தமோ, விலா இழுத்து இழுத்து வாங்குவதோ இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். டாக்டர்தான்.
2. வால் பக்கம். ஈரம், ஒட்டிய மலம், நாற்றம் இருக்கிறதா?
3. அறை வெப்பம்.
4. தண்ணீர் பாட்டில். முனையிலுள்ள குண்டை விரலால் தட்டிப் பாருங்கள், துளி வர வேண்டும். குண்டு சிக்கிக்கொண்டாலோ காற்று அடைத்துக்கொண்டாலோ பாட்டில் நிறைந்திருக்கும், ஹாம்ஸ்டர் வறண்டு கிடக்கும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீனி இறங்காது. "சாப்பிடவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த புகார்களில் சில இந்தத் துளியோடு முடிந்திருக்கின்றன.
5. எடை.
6. பல்.
7. கன்னம். ஒரு பக்கம் மட்டும் உப்பி, மறுநாளும் இறங்காமல் இருக்கிறதா?
8. பதுக்கல்.

பல்லைப் பார்க்கப் பிடரியைப் பிடித்து வாயைத் திறக்க வேண்டாம். பழகாத கை என்றால் நிச்சயம் கடி கிடைக்கும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு, மேலிருந்து ஒரு சூரியகாந்தி விதையைக் காட்டுங்கள். அது எழுந்து நின்று எட்டும். அப்போது எதிரிலிருந்து போனில் நாலைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருப்பது இயல்பு, அழுக்கு இல்லை. கீழ்ப்பல் மேற்பல்லைவிட நீளமாக இருப்பதும் இயல்புதான். ஒன்று விலகி வளைந்தாலோ உடைந்தாலோ எச்சில் வழிந்து தாடை நனைந்தாலோ சிக்கல். நகவெட்டியை எடுக்காதீர்கள், பல் நீளவாக்கில் பிளந்துவிடும்.

சாப்பாடு குறைந்தால்

எடை நிற்கிறது, மிச்சம் கூடுகிறது என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் அதிகம் வைக்கிறீர்கள். அல்லது கலவைத் தீனியில் சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பெல்லட்டை ஒதுக்குகிறது. விதையை ஒரு வாரம் நிறுத்தினால் தெரிந்துவிடும்.

எடை இறங்குகிறது என்றால் கணக்கு எளிது. பத்தில் ஒரு பங்கு போனால் டாக்டரைப் பாருங்கள். 140 கிராம் ஹாம்ஸ்டருக்கு 126 அந்தக் கோடு. குள்ள வகை 40 கிராம் என்றால் வெறும் 4 கிராம் இறக்கம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முழுசாக ஒரு நாள் எதுவுமே தின்னவில்லை என்றால் எடைக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மென்மையானதைத் தின்று கடினமானதை விட்டால் பல். வாயருகே கொண்டுபோய்த் திரும்பக் கீழே போட்டாலும் பல். கன்னம் உப்பியே இருந்தால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளைக் கேளுங்கள், கடலை மிட்டாயோ சாக்லேட்டோ வெளியே வரும். கன்னப்பையே வெளியே பிதுங்கி வாயோரம் சிவந்த சதைபோலத் தொங்கினால் அன்றே டாக்டர். விரலால் உள்ளே தள்ளக் கூடாது.

*தீபாவளி:* மூன்று நாள் வெடிச் சத்தத்தில் ஹாம்ஸ்டர் வளையைவிட்டு வராது. ஒரு இரவு தீனி குறைவது இயல்பு. தெருப்பக்க ஜன்னலிலிருந்து கூண்டை உள்ளறைக்கு மாற்றி, காகிதத் துகளை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி, அந்த வாரம் கூண்டைக் கழுவாமல் விடுங்கள். தன் வாடை இருக்கும் இடம்தான் அதற்குத் தைரியம்.

தண்ணீர் கூடினால்

வெயில் இல்லாமல் குடிக்கும் அளவு இரட்டிப்பானால் அலட்சியம் வேண்டாம். குள்ள வகைகளில், குறிப்பாகக் காம்பெல் வகையில், சர்க்கரை நோய் வரும். நன்றாகத் தின்னும், நிறையக் குடிக்கும், படுக்கை சொதசொதவென்று நனையும், ஆனாலும் இளைக்கும். வயதானவற்றில் சிறுநீரகம். பெண்ணில் கர்ப்பப்பைச் சீழ். தண்ணீரைக் குறைத்து வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

ஓட்டம் குறைந்தால்: முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள்

நம் ஊரில் இதுதான் பெரிய காரணம். ஹாம்ஸ்டருக்கு வசதி 18 முதல் 26 டிகிரி வரை. சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் மின்விசிறி ஓடும் அறையிலேயே 34 தொடும். ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல் வியர்க்காது, அதனால் மின்விசிறிக் காற்று நமக்குத் தரும் குளிர்ச்சியை அதற்குத் தராது.

வெயில் நாளில் சுருண்டு தூங்குவதை விட்டுவிட்டு வளைக்கு வெளியே தோசைபோல் பரந்து படுக்கும். வீல் நேரம் 9.30லிருந்து நள்ளிரவுக்குப் போகும். தீனி கொஞ்சம் குறையும். எடை நின்றால் இது நோய் இல்லை, அது தன்னைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கூண்டை மேல்மாடி அறை, பால்கனி, மேற்குச் சுவர் ஓரம் இவற்றிலிருந்து எடுத்து வீட்டின் நடு அறையில் தாழ்வாக வையுங்கள்.
2. ஒரு கடப்பா கல் துண்டை உள்ளே போடுங்கள். கிரானைட் கடையில் வெட்டுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கூர் ஓரத்தை உரசிக்கொள்ளுங்கள்.
3. சிறிய மண்சட்டியின் வாய் ஓரத்தை உடைத்து வாசல் மாதிரி விட்டுக் கவிழ்த்து வையுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வீட்டைவிட இது குளிர்ச்சி, பிளாஸ்டிக் வீடு வெயிலில் அடுப்பு.
4. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிக் கூண்டின் வெளிச்சுவரில் சாய்த்து வையுங்கள். உள்ளே வைத்தால் துகள் நனையும்.

தாழ்வாக வைத்தால் எறும்பு வரும் என்பீர்கள். வரும், பதுக்கல் வாடைக்கு ஓடிவரும். கூண்டை ஒரு குட்டை ஸ்டூலில் வைத்து, அதன் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி, கொசுவத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

தொட்டாலும் எழாமல் துவண்டு, மூச்சு வாங்கி, வாயோரம் நனைந்து கிடந்தால் அது வெயில் அதிர்ச்சி. உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காது, பாதம், வயிறு ஒற்றுங்கள். நினைவிருந்தால் உதட்டில் ஒரு துளி தண்ணீர். ஐஸ் தண்ணீர் கூடாது, வாளியில் முக்கக் கூடாது, நினைவில்லாதபோது சிரிஞ்சால் ஊற்றக் கூடாது. சற்றுத் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெயில் இல்லை என்றால் வயதைப் பாருங்கள். சிரியன் வாழ்வது இரண்டு, மூன்று வருடம். ஒன்றரை வயதுக்குமேல் ஓட்டம் குறையத்தான் செய்யும். முதுமை வாரக்கணக்கில் மெல்ல வரும், நோய் இரண்டு இரவில் வரும். நோட்டைப் புரட்டினால் எது என்று தெரிந்துவிடும். வீலையும் பாருங்கள்: அச்சில் முடி சுற்றியிருக்கலாம், அல்லது வீல் சிறிதாகி முதுகு வளைத்து ஓட வேண்டியிருக்கலாம். சிரியனுக்கு 28 செ.மீ., குள்ள வகைக்கு 20 செ.மீ. விட்டம் வேண்டும். கூண்டோடு சேர்த்துக் கொடுக்கும் வீல் அநேகமாக இதற்குப் போதாது.

மலைப்பகுதியில் குளிர் உறக்கம்

ஒரு டிசம்பர் காலை கொடைக்கானலிலிருந்து தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, வெறைச்சுப் போச்சு. தோட்டத்துல புதைக்கப் போறோம்." மீசையைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆடுது பெரியப்பா!"

குளிர் மிகுந்து, தீனியும் வெளிச்சமும் குறைந்தால் ஹாம்ஸ்டர் உடலைக் குளிரவிட்டு ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகும். மூச்சு நிமிடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வரலாம். அறையை மெதுவாகச் சூடாக்கி, உள்ளங்கைக்குள்ளோ துணி சுற்றிய வெந்நீர்ப் பைக்கு அருகிலோ வையுங்கள். அரை மணி, ஒரு மணிகூட ஆகும். அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். எழுந்ததும் தண்ணீர், பிறகு தீனி, அன்றே டாக்டரிடம் ஒரு பார்வை. சமவெளியில் இது நடக்காது. மதுரையில் உங்கள் ஹாம்ஸ்டர் சில்லென்று கிடந்தால் அது உறக்கம் இல்லை, அவசரம்.

ஓட்டம் கூடினால்

பெண் ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் நோட்டில் ஒரு விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். நாலு நாளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும், நிலைகொள்ளாமல் ஓடும், ஒரு மாதிரி வாடை வரும். சினைப் பருவம் நாலு நாள் சுழற்சி, அவ்வளவுதான். மறுநாள் வெள்ளையாக, நூல்போல இழுபடும் திரவம் கொஞ்சம் வரும். இதைச் சீழ் என்று நினைத்துப் பதறுபவர்கள் ஏராளம். ஒரு நாளில் நின்றால் இயல்பு. தொடர்ந்து வந்தாலோ நாறினாலோ ரத்தம் கலந்தாலோ வயிறு வீங்கினாலோ கர்ப்பப்பைச் சீழ்.

இரவெல்லாம் கம்பியைக் கடிப்பது, ஒரே மூலையில் ஏறி ஏறி விழுவது உற்சாகம் இல்லை, இடநெருக்கடி. படுக்கையின் ஆழத்தையும் தரைப் பரப்பையும் கூட்டுங்கள். தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் துகளுக்குள் தூவிவிட்டாலே பாதி அடங்கும். இரண்டு சிரியன்கள் ஒரே கூண்டில் இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். "ஜோடியா வாங்குங்க, தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்" என்று கடையில் சொல்வது அவர்கள் வியாபாரம்.

இவற்றுக்கு விடியக் காத்திருக்காதீர்கள்

- வால் பக்கம் நனைந்து, கூன்போட்டு உட்கார்ந்து, நாற்றத்தோடு பேதி. கடைக்காரர்கள் வெட் டெயில் என்பார்கள். மூன்றிலிருந்து பத்து வார வயதுக் குட்டிகளில், இடம் மாறிய முதல் நாட்களில் அதிகம். ஓரிரு நாளில் உயிர் போகும். முதல் வாரம் புழுக்கையைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.
- மூச்சுத் திணறல்
- ஒரு நாள் முழுக்கத் தீனி, தண்ணீர் இரண்டும் தொடாதது
- ரத்தம், எங்கிருந்து வந்தாலும்
- தலை சாய்ந்து ஒரே பக்கமாகச் சுற்றுவது

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மிக மோசமானது வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் எல்லாம் ஹாம்ஸ்டர் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுத்து, உயிரையே எடுத்துவிடும். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே, ஒரு சொட்டுதானே" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மிருக டாக்டர் எழுதினாலும் பெயரைக் கேட்டு, ஹாம்ஸ்டருக்குத்தானே என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

மந்தமாக இருக்கிறதென்று குளிப்பாட்டுவது அடுத்த தவறு. ஹாம்ஸ்டருக்கு மணல் குளியல்தான், தண்ணீர் வேண்டாம். தின்னவில்லையென்று புதுப்புதுத் தின்பண்டமாக நீட்டுவதும் தவறு, எது காரணம் என்ற தடம் அழிந்துவிடும். தூங்குவதை மேலிருந்து கையால் பற்றித் தூக்கினால் கடிக்கும், பருந்து தூக்குவதாகத்தான் அது நினைக்கும். கூண்டைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் கூண்டுச் சுத்தத்தை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது, கொறிவிலங்குகளிடமிருந்து கருவைப் பாதிக்கும் வைரஸ் ஒன்று தொற்றலாம்.

டாக்டரிடம் போகும்போது

1. முதலில் போனில் கேளுங்கள்: ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா? நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அருகில் யாரும் இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளில் விசாரியுங்கள்.
2. காற்றுத் துளையுள்ள சிறிய டப்பா. அதில் அதன் பழைய துகளையே போடுங்கள்.
3. பாட்டில் வேண்டாம், ஆட்டோ குலுக்கலில் ஒழுகும். ஒரு வெள்ளரித் துண்டு போதும். பேதி என்றால் அதுவும் வேண்டாம், வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.
4. அதிகாலையோ சாயங்காலமோ போங்கள்.
5. பட்டினி போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். ஹாம்ஸ்டர் வாந்தி எடுக்காது, அறுவை சிகிச்சைக்குக்கூடப் பட்டினி தேவையில்லை.
6. புதுப் புழுக்கை கொஞ்சம் ஒரு பிளாஸ்டிக் கவரில்.
7. நோட்டு.

சுண்டுவின் பல்லை டாக்டர் வெட்டிச் சீராக்கியபோது என் நோட்டைக் கேட்டார். மூன்று வாரமாக எடைக் கட்டம் வெறுமையாக இருந்தது. எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

வீடு வந்ததும் முதல் வாரம் தினமும் எடை எடுங்கள். பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து மசித்தோ, உப்பும் சர்க்கரையும் சேர்க்காத ஓட்ஸ் கஞ்சியாகவோ, வேகவைத்த முட்டை வெள்ளையில் ஒரு நகத்தளவோ கொடுக்கலாம். இரவு வைத்த ஈரத் தீனியைக் காலையில் எடுத்துவிடுங்கள். பல் ஒருமுறை விலகினால் திரும்பத் திரும்ப வளரும். சுண்டுவுக்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த தேதியை டாக்டரிடம் கேட்டு நோட்டின் அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.